பாலி சந்தைகளில் பேரம்: எவ்வளவு குறைத்துக் கேட்பது?

கேள்வி இது: குடும்பத்தோடு பாலிக்குப் போகிறோம். உறவினர்களுக்கும் அலுவலகத்தில் உள்ளவர்களுக்கும் நினைவுப்பொருள்கள் வாங்க வேண்டும். சந்தையில் சொல்கிற விலையில் பாதிக்குக் கேட்டால் போதும் என்கிறார்கள், சரியா? சந்தையைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாமா?

சென்னையில் ஒரு சிறிய கைவினைப் பொருள் கடைக்காக பாலிக்கும் ஜாவாத் தீவிலுள்ள யோக்யகர்த்தாவுக்கும் போய்ச் சரக்கு எடுத்து வருவது என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாதிக் கணக்கை மறந்துவிடுங்கள். கடைக்காரர் முதலில் சொல்லும் விலைக்கும் பொருளின் அடக்க விலைக்கும் பெரிய தொடர்பு கிடையாது. உங்கள் முகம், உடை, எந்த ஊரில் தங்கியிருக்கிறீர்கள், அன்று வியாபாரம் எப்படி, பொருளைப் பார்த்ததும் உங்கள் கண் எவ்வளவு விரிந்தது என்பதையெல்லாம் வைத்து வருகிற எண் அது. ஒரே சாரோங்கை (இடுப்பில் சுற்றிக் கட்டும் துணி) ஒருவருக்கு 80 ஆயிரம் ரூபியா என்பார்கள், அடுத்தவருக்கு 250 ஆயிரம் என்பார்கள். 250-இல் பாதி 125. பேரம் பேசி ஜெயித்த சந்தோஷத்தோடு முதல் ஆளின் தொடக்க விலையைவிட அதிகம் கொடுத்துவிட்டு வருவீர்கள். இன்னொரு பக்கம், மரச்சிற்பம் செய்கிறவர் தன் பட்டறையில் உட்கார்ந்து நியாயமாக 400 ஆயிரம் சொன்னால், அங்கே 200 என்பது அவர் உழைப்பை அவமதிப்பதாக ஆகிவிடும். ஆகவே கடைக்காரர் சொல்லும் எண்ணிலிருந்து கீழே இறங்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள ஒரு எண்ணிலிருந்து மேலே ஏறுங்கள். அந்த எண் எங்கிருந்து வரும் என்பதுதான் இந்தப் பதிலின் பெரும்பகுதி.

அதற்கு முன் பூஜ்யங்களைப் பழகிக்கொள்ள வேண்டும். இந்தோனேசிய ரூபியாவில் ஆயிரத்தைப் பல நேரம் வாயால் சொல்ல மாட்டார்கள். 'லீமா புலூ' என்றால் ஐம்பது, அதாவது 50,000 ரூபியா. அட்டையில் 50.000 என்று புள்ளி வைத்து எழுதியிருக்கும், அது தசமப் புள்ளி அல்ல. மூன்று பூஜ்யத்தை அடித்துவிட்டு ஐந்தால் பெருக்கி, கொஞ்சம் கூட்டிக்கொண்டால் நம் ரூபாய்க் கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடும். 50 ஆயிரம் என்றால் 250 ரூபாய்க்குச் சற்று மேல். மதிப்பு ஏறி இறங்கும், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு நிற ஒரு லட்சம் தாள்களை ஓட்டலிலேயே மாற்றி 10, 20, 50 ஆயிரங்களாக வைத்துக்கொள்வது நல்லது. 60-க்குப் பேசி முடித்துவிட்டு சிவப்புத் தாளை நீட்டினால் சில்லறை இல்லை என்று இன்னொரு பொருளைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

சரி, அந்த எண். இறங்கிய முதல் இரண்டு நாளுக்குள் விலை அட்டை ஒட்டிய கடை ஒன்றுக்குப் போங்கள். கிருஷ்ணா என்ற பெரிய நினைவுப்பொருள் கடைத்தொடர் பாலியில் பல இடங்களில் இருக்கிறது. உள்நாட்டுச் சுற்றுலாக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து வாங்கும் இடம். டி-ஷர்ட், சாவிக்கொத்து, சாரோங், மரப்பொம்மை, காப்பித்தூள் எல்லாவற்றுக்கும் அட்டையில் விலை இருக்கும், அங்கே பேரமே கிடையாது. ஒரு மணி நேரம் சுற்றி, உங்களுக்கு வேண்டிய பொருள்களின் விலையை போனில் குறித்துக்கொள்ளுங்கள். சந்தையில் அதே தரத்துப் பொருளுக்கு அதைவிட அதிகம் கொடுக்கத் தேவையில்லை. சொல்லப்போனால், அலுவலகத்தில் இருபது பேருக்குக் காந்தம் ஒட்டிய பொம்மையும் சாவிக்கொத்தும்தான் வேண்டும் என்றால் அங்கேயே வாங்கி வேலையை முடித்துவிடலாம். அந்தச் சின்னப் பொருள்களுக்காக வெயிலில் நின்று விலை பேசுவது பாலியில் கழிக்கும் ஒரு காலைப்பொழுதின் மதிப்புக்கு ஈடாகாது.

சந்தை என்று வந்தால் மூன்று பெயர்கள். உபுட் அரண்மனைக்கு எதிரே இருக்கும் கலைச் சந்தை வசதியானது, வெளிநாட்டவர் கூட்டம் அதிகம், தொடக்க விலையும் அங்கேதான் அதிகம். பாலியின் தலைநகரான தென்பசாருக்கும் உபுடுக்கும் நடுவழியில் உள்ள சுகாவதி கலைச் சந்தை மொத்த வியாபாரமும் நடக்கிற இடம். பழைய நெரிசல் சந்தையை இடித்துக் கட்டிய புதிய மாடிக் கட்டடத்தை 2023 பிப்ரவரியில் அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ திறந்துவைத்தார். மேல்தளத்துக்கு ஏறுகிற கூட்டம் குறைவு என்பதால் அங்கே விலை சீக்கிரம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது தென்பசாரில் பாடுங் ஆற்றின் கரையில் உள்ள கும்பசாரி. எதிர்க்கரையில் பாடுங் பெருஞ்சந்தை, அங்கே காய்கறியும் பூஜைப் பொருளும். கும்பசாரியில் உள்ளூர்க்காரர்கள் கோயிலுக்குக் கட்டும் துணி வாங்குவார்கள், ஆங்கிலம் கொஞ்சம் குறைவு, பாசாங்கும் குறைவு. ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் சுகாவதி என்பேன். அங்கே மரத்தில் செதுக்கிய ஆண்குறி வடிவ பாட்டில் திறப்பான்கள் சகல அளவிலும் நிறத்திலும் வரிசையாகத் தொங்கும். மாமனாரோடு போகிறவர்கள் முன்கூட்டியே மனதைத் தயார்படுத்திக்கொள்ளவும்.

காலையில் போங்கள். அதற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல. போணி என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை, பாலிக்காரர்களுக்கும் ஜாவாக்காரர்களுக்கும் அதே நம்பிக்கை உண்டு. அன்றைய முதல் விற்பனையை 'பெங்லாரிஸ்' என்பார்கள். முதல் வாடிக்கையாளர் கொடுத்த தாளை வாங்கி, கடையில் தொங்கும் துணிகள் மேலும் பொம்மைகள் மேலும் 'லாரிஸ், லாரிஸ்' (நன்றாக விற்கட்டும்) என்று தட்டிக்கொண்டே போவார்கள். முதல் ஆள் வாங்காமல் போவதை அவர்கள் விரும்புவதில்லை, அதனால் லாபத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு கொடுப்பார்கள். ஆனால் இதில் நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. வாசலில் பூவும் ஊதுபத்தியும் வைத்த சானாங் படையல் இன்னும் வாடாத நேரத்தில் கடைக்குள் நுழைந்து, பத்து நிமிடம் விலை பேசி, சும்மா கிளம்பினால் அந்தக் கடைக்காரம்மாவின் முகம் எப்படி மாறும் என்று நமக்குத் தெரியும். வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் முதல் ஆளாகப் போங்கள். மற்றபடி மதியம் இரண்டு மணிக்கும் 'காலை விலை, உங்களுக்காக' என்று கூப்பிடுவார்கள், அதைச் சிரித்துக்கொண்டு கடந்துவிடலாம்.

பேச்சு எப்படிப் போகும்? இந்திய முகத்தைப் பார்த்ததும் 'இந்தியா? அச்சா அச்சா, ஷாருக் கான்!' என்று தொடங்கும். இந்திப் படங்கள் மீது அவர்களுக்கு உண்மையிலேயே பிரியம் உண்டு, வெறும் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். நீங்களும் இரண்டு வார்த்தை பேசுங்கள். நடுவயதுப் பெண்ணை 'இபு', ஆணை 'பாப்பாக்' என்று கூப்பிடலாம். பாலியிலேயே கொஞ்சம் நெருக்கமாக அக்கா போன்றவருக்கு 'ம்போக்', அண்ணன் போன்றவருக்கு 'ப்ளி'. 'ப்ளி' என்று ஒருமுறை கூப்பிட்டாலே பாதி இறுக்கம் தளர்ந்துவிடும். விலை கேட்க 'பெரப்பா?', குறைக்க முடியுமா என்று கேட்க 'போலே குராங்?'. சும்மா பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்பதற்கு 'லிஹாத் லிஹாத் டுலு'. எங்காவது 'ஹர்கா பாஸ்' என்று எழுதியிருந்தால் அது ஒரே விலைக் கடை, அங்கே மேற்கொண்டு பேச வேண்டாம்.

அப்புறம் கால்குலேட்டர் வரும். கடைக்காரர் 150 என்று தட்டிக் காட்டி, உங்கள் கையில் கொடுத்து நீங்கள் ஒரு எண் தட்டச் சொல்வார். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எண்ணைத் தட்டுவது வாங்குகிறேன் என்று வாக்குக் கொடுப்பது. நீங்கள் கேட்ட விலைக்கு அவர் சம்மதித்துவிட்டால் பின்வாங்குவது அங்கே ரொம்பத் தப்பாகப் பார்க்கப்படும், நம் ஊரிலும் அப்படித்தானே. எனவே வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யாமல் எண்ணே சொல்லாதீர்கள். ஒரு சாதாரண ரேயான் சாரோங் என்று வைத்துக்கொள்வோம். என் அனுபவத்தில் சுகாவதியில் அது 40-க்கும் 60-க்கும் இடையில் எங்காவது முடியும். உங்கள் மனதில் 55 என்றால் 40-இல் தொடங்குங்கள். அவர் 'பங்க்ருத்! பங்க்ருத்!' என்று தலையில் கைவைத்து, தான் திவாலாகிவிட்டதாக அலறுவார். அது நாடகத்தின் ஒரு காட்சி, அவரும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். 120, 100, 85 என்று அவர் இறங்க, நீங்கள் 45, 50 என்று மெதுவாக ஏற வேண்டும். 55-க்கு மேல் அவர் நின்றுவிட்டால் நன்றி சொல்லி நகருங்கள். பத்தடி போவதற்குள் கூப்பிட்டால் விலை படிந்தது. கூப்பிடவில்லை என்றால் உங்கள் எண் உண்மையிலேயே குறைவு என்று தெரிந்துகொண்டீர்கள், அடுத்த கடையில் 5 கூட்டிக் கேட்கலாம். திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள், அதை அவர்கள் கவனிப்பார்கள்.

ஒரே கடையில் சேர்த்து வாங்குவது எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்யும். ஒரு சாரோங்குக்கு இறங்காதவர் ஐந்துக்கு இறங்குவார். துணிக் கடைகளில் டஜனாகவும் கோடியாகவும் பேசுவார்கள், அங்கே கோடி என்றால் இருபது உருப்படி. அத்தைகள், சித்திகள், பக்கத்து வீடு என்று எண்ணிப் பார்த்தால் நம் குடும்பங்களுக்கு அரைக் கோடி சுலபமாக வந்துவிடும். 'டாஸ்டர்' என்று பாத்திக் (மெழுகு வைத்துச் சாயமேற்றும் ஜாவா வேலை) கோலம் போட்ட ஒரு நைட்டி கிடைக்கும், மெல்லிய துணி, நம் ஊர் வெயிலுக்கு அருமை. வீட்டுப் பெண்களுக்கு நான் வாங்கிப்போனதில் உண்மையில் தினமும் உபயோகத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

நம்மவர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. தி. நகரிலும் கோயம்பேட்டிலும் பழகிய நாம் விலை குறைக்கப் பொருளைக் குறை சொல்வோம். 'இது என்ன துணி, ஒரு தடவை துவைத்தால் போய்விடும்' என்போம். அது இங்கே ஒரு விளையாட்டு, கடைக்காரரும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்வார். பாலியில் அது எடுபடாது. குரல் உயர்ந்தால், பொருளைத் தூக்கிப் போட்டால், கடைக்காரர் சண்டைக்கு வரமாட்டார், சிரிப்பை நிறுத்திவிட்டு விலையையும் நிறுத்திவிடுவார். 'அழகாக இருக்கிறது, ஆனால் என் பட்ஜெட் இவ்வளவுதான்' என்பது அங்கே நன்றாக வேலை செய்யும். அதேபோல் கணவன் விலை பேசிக்கொண்டிருக்கும்போது மனைவியோ குழந்தையோ பொருளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. தமிழில் பேசினால் புரியாதுதான், முகம் எல்லா மொழியிலும் புரியும். கடைசி 5 ஆயிரத்துக்கு மல்லுக்கட்டாதீர்கள். அது நமக்கு ஒரு டீ, வடைக் காசு. மூன்று பேர் நின்று பத்து நிமிடம் பேசுவதைப் பார்க்கும்போது எனக்கே சங்கடமாக இருக்கும்.

இதுவரை சொன்னது எல்லாக் கடையிலும் கிடைக்கிற பொருளுக்கு. நல்ல பொருள் வேண்டுமென்றால் பேரத்தைவிடப் பொருளை அடையாளம் காண்பதுதான் பணத்தைக் காப்பாற்றும்.

பாத்திக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் தொங்குவதில் பெரும்பாலானவை பாத்திக் கோலம் அச்சடித்த துணி. துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளிறியிருந்தால் அச்சு. மெழுகு வைத்துச் சாயத்தில் முக்கிய துணியில் இரு பக்கமும் நிறம் ஏறியிருக்கும். அதிலும் செம்பு அச்சால் மெழுகு ஒற்றியது 'சாப்', 'சாந்திங்' என்ற சிறு செம்புக் கருவியால் கையால் வரைந்தது 'துலிஸ்'. துலிஸில் ஒரு பூவும் அடுத்த பூவும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது, ஒரு துணிக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஆகும். அதை 100 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது துலிஸ் அல்ல. 2009-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது மெழுகால் செய்கிற இந்தக் கைவேலையைத்தான், அச்சுத் துணியை அல்ல. அச்சுத் துணி வாங்குவதில் தவறில்லை, அச்சு விலை கொடுங்கள். யோக்யகர்த்தாவும் உங்கள் பயணத்தில் இருந்தால் நல்ல பாத்திக்கை அங்கே பெரிங்ஹார்ஜோ சந்தைக்கு ஒத்திவையுங்கள், அது ஜாவாவின் சொத்து.

பாலியின் சொந்தத் துணி 'எண்டெக்', ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலை, கட்டிச் சாயமேற்றி நெய்வது. 2021-இல் பாலி ஆளுநர் செவ்வாய்க்கிழமைதோறும் எண்டெக் உடுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டார், அதே ஆண்டின் வசந்த காலத் தொகுப்பில் பிரெஞ்சு ஆடை நிறுவனமான டியோரும் இதைப் பயன்படுத்தியது. கிராக்கி கூடியதும் எண்டெக் கோலத்தை அச்சடித்த துணியும் சந்தைக்கு வந்துவிட்டது. நெய்த எண்டெக்கில் கோலத்தின் ஓரம் கூர்மையாக இருக்காது, லேசாகக் கலைந்திருக்கும், இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும். ஓரங்கள் கத்தரித்த மாதிரி நறுக்கென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கூடை, கைப்பை பார்க்கும்போது மூக்கை உபயோகியுங்கள். 'ஆத்தா' என்ற கொடியில் பின்னிய பைகளைத் தேங்காய் மட்டை நெருப்புப் புகையில் வைத்து எடுப்பார்கள். பழுப்பு நிறமும் புகை வாசமும் அதனால்தான். பூச்சி அரிக்காது, வருடக்கணக்கில் வரும். அருகிலேயே பார்வைக்கு அதே மாதிரி பிரம்புப் பை பாதி விலைக்குத் தொங்கும். பின்னலின் நெருக்கத்தையும் உள்ளே துணியைத் தூக்கி முடிச்சுகளையும் பாருங்கள். வாசம் சில வாரங்களில் அடங்கிவிடும், பெட்டியில் துணியோடு நேரடியாக வைக்காமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

மரப்பொருள் என்றால் கையில் தூக்கிப் பாருங்கள். கறுப்புச் சாயம் பூசிய பஞ்சு கனமுள்ள பொம்மை பெரும்பாலும் அல்பீசியா மரம். அலங்காரத்துக்குப் போதும், ஆனால் தேக்கு என்று விற்றால் சிரித்துவிடுங்கள். அடிப்பாகத்தில் சாயம் பூசாத இடத்தைப் பார்த்தால் மரம் தெரியும், சிறு துளைகளும் அடியில் தூளும் இருந்தால் வண்டு இருக்கிறது, எடுக்காதீர்கள். உண்மையான செதுக்கு வேலை வேண்டுமென்றால் உபுடுக்குத் தெற்கே மாஸ் கிராமம், வெள்ளி என்றால் செலுக். இந்தக் கிராமங்கள் எல்லாம் சுகாவதியைச் சுற்றியே இருக்கின்றன. வெள்ளியில் 925 முத்திரையை (92.5 சதவீதம் வெள்ளி) தேடுங்கள், எடை போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு பொருளை மட்டும் சந்தையில் வாங்கவே வேண்டாம் என்பேன்: 'கெரிங்சிங்'. பாவு (நெடுக்கு நூல்), ஊடை இரண்டையும் நெய்வதற்கு முன்பே கட்டிச் சாயமேற்றும் இரட்டை இக்கத். நம் குஜராத்தில் பாடண் என்ற ஊரில் பட்டோலாப் பட்டுக்குச் செய்யும் அதே கடினமான வேலை. இந்தோனேசியாவிலேயே கிழக்கு பாலியில் தெங்கானான் என்ற ஒரே கிராமத்தில்தான் நெய்கிறார்கள், ஒரு துணிக்கு வருடங்கள்கூட ஆகும். விலை பல மில்லியன் ரூபியா. ஊருக்கே போய், நெய்கிறவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். வாங்காவிட்டாலும் பார்த்துவிட்டு வரலாம். அங்கே போய் 'பாதிக்குக் கொடு' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

காரும் டிரைவரும் வைத்துக்கொண்டு சுற்றுவீர்கள் என்று நினைக்கிறேன். டிரைவர் தானாக நிறுத்தும் வெள்ளிக் கடை, காப்பித் தோட்டம், பாத்திக் கூடம் பலவற்றில் அவருக்குக் கமிஷன் உண்டு, அது நீங்கள் கொடுக்கும் விலையில்தான் ஏறும். கோபப்பட ஒன்றுமில்லை, அவர் பிழைப்பில் அதுவும் ஒரு பகுதி. நிறுத்த வேண்டிய இடங்களைக் காலையிலேயே நீங்கள் சொல்லிவிட்டு, மாலையில் நல்ல டிப்ஸ் கொடுத்தால் இருவருக்கும் நிம்மதி. கோயில் வாசலில் 'சாரோங் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்' என்று மறித்து விற்பவர்கள் இருப்பார்கள். இடுப்புத் துணி கட்டாயம் என்பது உண்மை, ஆனால் பெரும்பாலான பெரிய கோயில்களில் நுழைவிடத்திலேயே இரவல் கொடுக்கிறார்கள். வேட்டி எடுத்துப்போனால் அதுவும் செல்லும்.

சந்தையைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். விமானத்துக்கு நேரம் பார்த்துக்கொண்டே விலை பேசுகிறவர் கையில் பெட்டியோடு நிற்பார், அதை எந்தக் கடைக்காரரும் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். பலரும் உபுடில் சில நாள், தெற்குக் கடற்கரையில் கூத்தா, செமின்யாக் பக்கம் சில நாள் என்று தங்குவார்கள். உபுடிலிருந்து தெற்கே இடம் மாறுகிற காலையில் சுகாவதி வழியிலேயே வரும், எட்டு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் வாங்கி முடிக்கலாம். மார்ச் மாதம் போவதாக இருந்தால் நியெப்பி எந்தத் தேதி என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். பாலிப் புத்தாண்டான அந்த ஒரு நாள் முழுக்க சந்தையும் கடையும் கிடையாது, தெருவில் நடக்கவும் கூடாது, விமான நிலையம்கூட மூடியிருக்கும்.